பாத்திரம் இல்லாதவர்கள்

அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வட்டாரத்தில் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘கரண்டி அக்கா’ என்று கேட்டால் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை கை நீட்டி வழி காட்டுவார்கள். சமையற்கூடத்தின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் பார்த்து ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் அக்கா. அவள் கையில் கரண்டி. இருபத்தெட்டு வருடம் அப்படித்தான். போன மாதம் பதினேழாம் தேதியோடு முடிந்தது.

இலவச வார்டில் கிடப்பவர்களுக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும் மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஜன்னலில் பருப்பு சூப்பும் ரொட்டியும் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி சூப், இரண்டு துண்டு ரொட்டி. கேட்டால் சாதாரண வேலை. அக்கா அதைச் சாதாரணமாகச் செய்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பருப்பு அடியில் தங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு கரண்டிக்கும் அண்டாவை அடியிலிருந்து ஒரு சுற்றுக் கிளறிவிட்டுத்தான் முகப்பாள். முதலில் நிற்பவருக்குத் தண்ணீரும் கடைசியில் நிற்பவருக்குக் கெட்டியும் போய்விடக் கூடாதாம். முகந்த கரண்டியை அண்டாவின் மேலேயே பிடித்துக்கொண்டு, வழிகிற சொட்டு நிற்கும்வரை காத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் ஊற்றுவாள். நூற்றைம்பது பேர், நூற்றைம்பது கிளறல், நூற்றைம்பது காத்திருப்பு. ஆறிப்போன சூப்பாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அளவு ஆறியிருக்கும்.

இந்தக் குணம் வேலையில் வந்ததல்ல, கூடவே பிறந்தது. சின்ன வயதில் அவித்த முட்டை ஒன்று எங்கள் இருவருக்குமாகக் கிடைத்தால், கத்தி வைத்தால் மஞ்சள் கரு உதிரும் என்று தையல் நூலால் அறுப்பாள். அறுத்துவிட்டு என்னை முதலில் எடுக்கச் சொல்வாள். அவள் மனதுக்குப் பெரிதாகப் பட்ட பாதியை நான் எடுத்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் எங்கள் அத்தான். வீடுகளுக்கு வண்ணம் பூசுகிற தொழில். நல்ல கை, நல்ல சிரிப்பு. கல்யாணமான மூன்றாம் வருடம், பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு வண்ணம் பூசப் போனார். பூசி முடித்த பிறகும் திரும்பவில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. அக்கா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. “போனது போகட்டும்டா. சொல்லிட்டுப் போயிருக்கணும்ல” என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் ஒழுங்கு தவறியது என்று எதுவும் இல்லை. நாலரைக்கு எழுவாள், ஐந்தரைக்கு அடுப்படியில் நிற்பாள், ஞாயிறு தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற தேவாலயத்துக்குப் போவாள்.

ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை உண்டு. ‘சொந்தப் பாத்திரம் கொண்டு வருபவர்களுக்கு மட்டும்.’ அக்கா எழுதியதல்ல. முன்பு ஆஸ்பத்திரியே தட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. தட்டுகள் கால் முளைத்து நடந்து போய்விடவே, அலுவலகம் அந்தப் பலகையை மாட்டியது. தொற்று வரும் என்பதால் வார்டுப் பாத்திரங்களையும் கொண்டுவரக் கூடாது. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பலகையைக் கட்டிக் காக்கிற பொறுப்பு அக்காவிடம் வந்து சேர்ந்தது.

“பாத்திரம் எங்கே?”

“மறந்துட்டேன்க்கா.”

“பசியை மறந்தீங்களா? அது ஞாபகமா வந்து நிக்குதில்ல. அடுத்த ஆள்.”

இனி, அக்கா செய்த ஒரு பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். ஆராதனையில் ஒரு ஜெபம் உண்டு. போதகர் ஆரம்பிக்க, சபை மொத்தமும் சேர்ந்து சொல்லும்: “அபாத்திரராகிய எங்களுக்கும் உம்முடைய கிருபையைத் தாரும்.” அந்த வரியில் அக்காவின் குரல்தான் ஓங்கியிருக்கும். ‘அ’ போட்டால் இல்லை என்று அர்த்தம் என்பது அவள் ஐந்தாம் வகுப்பில் படித்தது. நீதி, அநீதி. சுத்தம், அசுத்தம். ஆகவே பாத்திரர், அபாத்திரர். பாத்திரம் இல்லாதவர்கள். சபை பெரிய மனதோடு அவர்களுக்காக வாராவாரம் வேண்டிக்கொள்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் பாத்திரம் இருந்தது. ஒன்றல்ல, ஒரு அலமாரி நிறைய. அதனால் அந்த வேண்டுதலில் அவளுக்கு என்று எதுவும் இல்லை. முழுக்க முழுக்கப் பரோபகாரம்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்த புதுப் போதகரை நிறுத்தினாள். நான் அன்றைக்குக் கூடப் போயிருந்தேன்.

“பாஸ்டர், ஒரு சந்தேகம். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்கம்மா.”

“பாத்திரம் இல்லாதவங்களுக்காக வாராவாரம் ஜெபம் பண்றோம். நல்ல விஷயம்தான். அப்படியே ஒரு பாத்திரம் எடுத்துட்டு வாங்கன்னு நீங்களும் மேடையிலேருந்து ஒரு வார்த்தை சொல்லலாமில்ல. நான் ஒருத்தியே எத்தனை பேர்கிட்ட கத்தறது?”

போதகர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பை அடக்க இருமினார்.

“அது அந்தப் பாத்திரம் இல்லம்மா. பாத்திரன்னா தகுதி உள்ளவன்னு அர்த்தம். அபாத்திரன்னா தகுதி இல்லாதவன்.”

“யாரு?”

“நாமதான். எல்லாரும்.”

“எல்லாரும்னா?”

“நீங்க, நான், இதோ உங்க தம்பி.”

“அவன் சரி” என்றாள் அக்கா. “நானுமா?”

போதகர் பொறுமையாகச் சொன்னார். வேலை செய்து வாங்குவதற்குப் பெயர் கூலி. வேலை செய்யாதவனுக்கும் செய்ய முடியாதவனுக்கும் சேர்த்து வருவதற்குப் பெயர் கிருபை. கடவுள் அளந்து ஊற்றுகிறவர் அல்ல. விடிகாலையில் வேலைக்கு வந்தவனையும் பொழுது சாய்ந்து வந்தவனையும் ஒன்றுபோலவே பார்க்கிறவர்.

“அப்ப விடிகாலையில வந்தவன் ஏமாந்தவனா?”

“அப்படி இல்லம்மா.”

“நான் நாலரைக்கு எழுந்திரிக்கறேன், பாஸ்டர்” என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கேட்டாள். “ஏண்டா, காலேஜ் படிச்சவனே. இத்தனை வருஷமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்திருக்கேன், பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னியா நீ?” நான் தேவாலயத்துக்குப் போவதே வருடத்துக்கு இரண்டு முறை. அதைச் சொன்னால் அதற்கும் திட்டு விழும் என்று சும்மா இருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அந்த வரி வரும்போது அக்கா வாயை மூடிக்கொண்டாள். மற்ற எல்லாம் சொல்வாள். அது மட்டும் கிடையாது. ஓங்கியிருந்த குரல் நின்றுபோனதில் சபைக்கே பல் விழுந்த மாதிரி இருந்ததாம். போதகர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசையில் நாற்பதாவது ஆளோ என்னவோ, ஜன்னலுக்கு முன்னால் அத்தான் நின்றார்.

இருபத்திரண்டு வருடம். தலை நரைத்து, ஒரு கால் இழுத்து நடக்கிற அத்தான். சாரத்திலிருந்து விழுந்து கால் போனதும், அதோடு வேலை போனதும் பிறகு தெரிந்தது. அவர் கூட வாழ்ந்த அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் கட்டி. ஆம்புலன்ஸில் போட்டு, உடுத்தியிருந்த துணியோடு வந்திருக்கிறார். அக்கா இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. வெறும் கையோடு நின்று, நிமிர்ந்து பார்த்து, உறைந்து போனார்.

அக்கா அண்டாவை ஒரு சுற்றுக் கிளறினாள். முகந்தாள். சொட்டு நிற்கும்வரை பிடித்திருந்தாள்.

“பாத்திரம் எங்கே?”

“இல்ல.”

“அடுத்த ஆள்.”

புதன்கிழமை வார்டிலிருந்து ஒரு குவளையை எடுத்து வந்தார். வார்டுப் பாத்திரம் கூடாது, அடுத்த ஆள். வியாழக்கிழமை ஒரு பிளாஸ்டிக் பை. கொதிக்கிற சூப்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றக் கூடாது, அடுத்த ஆள். வரிசையில் இருந்தவர்கள் இரக்கப்பட்டுத் தங்கள் பாத்திர மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். அதில் அக்காவுக்கு வேறொரு வருத்தம். இவ்வளவு கிளறி, இவ்வளவு காத்திருந்து அளந்த அளவெல்லாம் சந்துக்குள் போய்க் கன்னாபின்னாவென்று கலைகிறதே என்று.

இதையெல்லாம் சனிக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், கண்ணைத் துடைக்க ஒரு சாக்கு வேண்டுமே.

“நான் என்ன அவருக்குன்னு தனியா ரூல் போட்டேனா? எல்லாருக்கும் என்னவோ அதேதான் அவருக்கும்.”

“யாரு இல்லன்னாங்க?”

“உன் மூஞ்சி சொல்லுது.”

“அந்தம்மாவுக்கு எப்படி இருக்காம்?”

வெங்காயம் உரிப்பது நின்றது. “எங்க சமையல்காரர் வார்டுல விசாரிச்சிருக்கார். ஆபரேஷன் ஆயிடுச்சாம். தண்ணியாத்தான் இறங்குமாம். அந்த மூடியில கிடைக்கறதை இவர் கொண்டுபோய் ஊட்டிடறாராம்.”

“அவரு?”

“ரொட்டி யாராச்சும் குடுப்பாங்க.” அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, “ஒரு பாத்திரம் கூடவா ஒரு மனுஷனால தேட முடியல? அன்னிக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வரத் தெரியல. என் அப்பாதான் எடுத்துக் குடுத்தார்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “உபதேசம் பண்ணினேன்னா சாப்பாடு கிடையாது” என்றாள்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஒன்று குப்புறக் கிடந்தது.

“வந்திருந்தார்டா.”

“யாரு, அத்தானா?”

“கடைசி பெஞ்சுல. எனக்குத் தெரியாது. அந்த வரி வந்துச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன். பின்னாடியிலேருந்து ஒரு குரல். எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகு தனியா, மெதுவா. ‘அபாத்திரராகிய எங்களுக்கும்’னு. ஒரு எழுத்து பிசகல.”

“அவருக்கு எப்படி மனப்பாடம்?”

“கல்யாணமான புதுசுல நான்தானே இழுத்துட்டுப் போவேன். என் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டது.”

“அப்ப நீ சொல்லிக் குடுத்ததுதான்.”

“அவருக்கு உதவட்டும்னு சொல்லிக் குடுக்கலடா.” தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. “நான் வேண்டாம்னு விட்ட வரி அது. காலியா கிடந்துச்சு. வந்து உக்காந்துக்கிட்டார்.”

“தகுதி இல்லாதவங்களுக்குன்னு உள்ள வரி. அவருக்குப் பொருத்தமாத்தானே இருக்கு.”

“அதைத்தான் சொல்றேன். பொருத்தமா இருக்கு. கேட்டா கிடைச்சுடும்னுதானே பாஸ்டர் சொல்றார்? இருபத்திரண்டு வருஷம் கழிச்சு நொண்டிக்கிட்டு வந்து, ஒரே ஒரு வரி சொல்லிட்டு, வாங்கிட்டுப் போயிடுவார். நான் ஒரு நாள் விடாம நின்னவ. எனக்கு என்ன?”

“உனக்கும் அதேதான்க்கா. கேட்டா.”

“அவர் நிக்கற வரிசையிலயா நானும் போய் நிக்கணும்?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் அவ்வளவு நேரம் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் தண்ணீரைக் குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். குப்புறக் கிடந்த செருப்பைக் காலாலேயே புரட்டி மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை நடந்ததை அவளே சொன்னாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிற தொனியில். அத்தான் வந்தார். வெறும் கை. பாத்திரம் எங்கே என்று இவள் கேட்கவில்லை. கீழே குனிந்து, தான் மதியச் சாப்பாடு கொண்டு வருகிற மூடி போட்ட எவர்சில்வர் தூக்கை எடுத்தாள். அன்றைய சாப்பாட்டைச் சமையல்காரரின் தட்டில் கவிழ்த்துவிட்டு, தூக்கைக் கழுவி, அதில் ஒரு கரண்டி அவருக்கு, ஒரு கரண்டி அந்தப் பெண்ணுக்கு. சொட்டு நின்ற பிறகுதான் ஊற்றினாள் என்பதை அழுத்திச் சொன்னாள்.

“இது என்னோடது. நாளைக்குத் திரும்பி வரணும்.”

அத்தான் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாராம். “எனக்கு எதுக்கு...” என்று ஆரம்பித்தாராம்.

“கேக்காதீங்க. எனக்கே தெரியல. வரிசை நிக்குது பாருங்க.”

மறுநாள் தூக்கு திரும்பி வந்தது, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு. “கழுவத் தெரியாதா?” என்று நூறு பேர் முன்னால் கேட்டுவிட்டு, தானே தேய்த்துக் கழுவி மறுபடி ஊற்றினாள். பதினாறு நாள் இப்படியே. அவர் ஒரு நாளும் பிசுக்கில்லாமல் கழுவவில்லை, இவள் ஒரு நாளும் திட்டாமல் ஊற்றவில்லை. வேறு பேச்சு அவர்களுக்குள் நடந்ததாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிறே அக்கா விட்ட வரியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பழைய ஓங்கின குரல் வரவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரலில், கொஞ்சம் முறைத்துக்கொண்டு சொல்வாள்.

அதற்குப் பிறகு அவள் பாத்திரமில்லாதவர்களையெல்லாம் வாரி அணைத்துக்கொண்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். பொய் எழுதினால் வந்து காதைத் திருகுவாள். பத்து பேர் வெறும் கையோடு வந்தால் மூன்று பேருக்குத் தன் வீட்டுப் பாத்திரத்தைக் கொடுப்பாள், ஏழு பேரைத் திட்டி அனுப்புவாள். எந்த மூன்று பேர் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. அதுதான் அவளைப் படுத்தியது. “முன்னெல்லாம் படுத்தா தூக்கம் வரும்டா. இப்ப அந்த ஏழு பேர் மூஞ்சியும் வருது” என்பாள்.

பதினேழாம் நாள் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

“பார்த்தியாடா உன் அத்தானை? தூக்கைத் தூக்கிக்கிட்டே போயிட்டார்.”

“திருப்பித் தரலையா?”

“தரல. திருட்டுப்புத்தி எங்க போகும்?”

குரலில் கோபம் இருந்த மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது. நான் கோபத்தையே எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னேன். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, எங்கே அத்தான் பேச்சு வந்தாலும் தூக்கு விஷயம் வந்துவிடும். கட்டின பெண்டாட்டியை விட்டுப் போனதைக்கூட ‘தலையெழுத்து’ என்று மன்னித்த பெரியம்மா, எவர்சில்வர் தூக்கை மட்டும் மன்னிக்கவில்லை.

போன மாதம், அக்காவின் அடக்கத்தன்று சமையல்காரர் வந்திருந்தார். ஓய்வு பெற்று, கைத்தடியோடு. எல்லோரும் போன பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் கரண்டியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பேச்சுவாக்கில் தூக்கு வந்தது.

“ஆறு வருஷமாச்சு, அது ஒண்ணுதான் எங்க வீட்டுல தீராத வழக்கு” என்றேன்.

“எந்தத் தூக்கு தம்பி?”

“அத்தான் எடுத்துட்டுப் போனது.”

அவர் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். “அவர் எங்க எடுத்துட்டுப் போனார்? கடைசி நாள் கழுவித் துடைச்சு ஜன்னல்ல வெச்சார் தம்பி. அன்னிக்குத்தான் முதல் தடவை பிசுக்கே இல்ல. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் கரண்டியைக் கீழ வெச்சுட்டு, அண்டாவுக்குள்ளயே தூக்கை முக்கி எடுத்தாங்க. வழிய வழிய. மூடியை அழுத்தி, ‘பஸ்ல ரொம்ப தூரம் போகணும், வெச்சுக்கோங்க’ன்னு குடுத்துட்டாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“அளக்காமலா?”

“அளக்காமத்தான்.”

“அப்புறம் ஏன் திருடிட்டார்னு சொன்னா?”

“நானும் கேட்டேன். ‘குடுத்தேன்னு சொன்னா, ஏன் அவருக்கு மட்டும் குடுத்தேன்னு கேப்பாங்க. என்கிட்ட பதில் இல்ல. திருட்டுன்னே இருக்கட்டும்’னு சொல்லிட்டாங்க.”

ஆக, என் அக்கா தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அத்தானை ஆறு வருடம் திருடனாக்கி வைத்திருந்தாள். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னவன் நான். இப்போது அத்தனை வீட்டுக்கும் போய் மாற்றிச் சொல்ல வேண்டும். நேற்று பெரியம்மாவிடம் ஆரம்பித்தேன். முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

“சும்மா குடுத்தாளா? அவளா?” என்றார். “போடா, நம்பற மாதிரி ஏதாவது சொல்லு.”